பேர் சொல்லாத பிரசங்கம்

ஜூன் 9, ஞாயிறு

இந்த மனுஷனைச் சும்மா விடமாட்டேன். அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன்.

இன்று குடும்ப ஞாயிறு. கோயில் நிறைய ஆள். கிதியோன் ஐயர் பிரசங்க பீடத்தில் ஏறி, கருவைப் பற்றிய வசனத்தை வாசித்தார். எங்கள் சாலேம்புரம் சபைக்கு அவர் குருவானவராக வந்து இது நாலாவது வருஷம். குடும்ப ஞாயிறு என்றால் கருக்கலைப்பைப் பற்றித்தான் பேசுவார் என்று எல்லாருக்கும் தெரியும். நானும் பாதி காதில் கேட்டுக்கொண்டு, வீட்டில் ஊறப்போட்டிருந்த கறியை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது சொன்னார்:

"எங்கேயோ நடக்குன்னு நெனைக்காதீங்க. நம்ம சபையிலயே, போன மாசம், ஒரு ஸ்கேன நம்பி, கர்த்தர் குடுத்த பிள்ளைய வேண்டாம்னு கலைச்ச வீடு இருக்கு. அவங்களும் வெள்ள உடுத்திக்கிட்டு திருவிருந்துக்கு வாராங்க."

பேர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. பெண்கள் பக்கம் இருந்த அத்தனை தலையும் என்னைப் பார்த்துத் திரும்பியது. எங்கள் தெரு ரூபி மட்டும் திரும்பவில்லை. பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் மோசம்.

ஊர் ஒரு கதை கட்டும். நடந்ததை நான் எழுதி வைக்கிறேன். ஐந்தாம் மாத ஸ்கேனில், பிள்ளைக்கு மண்டை ஓடு கூடவில்லை, மூளை வளரவில்லை என்றார்கள். உயிரோடு பிறந்தாலும் சில மணி நேரம்தான் என்றார் டாக்டர். திருநெல்வேலியில் இன்னொருவரிடம் காட்டினோம். அவரும் அதையே சொன்னார். என் மகள் ஷெரின் அழுதுகொண்டே இருந்தாள். மருமகன் ரெனால்ட் ஓசூரிலிருந்து அதுவரை வந்து சேரவில்லை. யாராவது பேச வேண்டுமே என்று டாக்டரிடம் நான்தான் பேசினேன். கையெழுத்து அவள்தான் போட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறதற்கு முந்தின நாள் ஐயர் குடியிருக்கிற குருமனைக்குப் போய், அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி ஜெபிக்கச் சொன்னேன். முழங்கால் போட்டு ஜெபித்தார். அந்த வாய்தான் இன்று இப்படிப் பேசியது.

வீட்டுக்கு வந்தால் ஷெரின் அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போன். எங்கள் சபை ஆராதனை இப்போது போனில் நேரலையாக வருகிறது என்பது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"பாத்துட்டேம்மா," என்றாள். பூண்டைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். கறியை நானும் இவரும்தான் தின்றோம். இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பது வருஷம் பேங்கில் கிளார்க்காக இருந்த மனுஷனுக்குப் பேச்சு எங்கிருந்து வரும்?

பழிவாங்குதல் கர்த்தருடையது என்று எத்தனையோ வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் கர்த்தர் அவசரப்படுகிறவர் அல்ல. எனக்கு அவசரம்.

ஜூன் 10, திங்கள்

குருமனைக்குப் போனேன். ஐயர் வராந்தாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஐயரம்மா ஹெப்சிபா என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள்.

"யாரச் சொன்னீங்க ஐயா?" என்றேன்.

"யார் பேரையும் சொல்லலியே டீச்சர்."

"சாலேம்புரத்துல வாயும் வயிறுமா வந்து வெறும் வயித்தோட திரும்பினவ எத்தன பேரு இருக்கா?"

பேப்பரை மடித்து வைத்தார். "பீடத்துல ஏறிட்டா அது என் வாய் இல்ல. சரின்னு படுறதச் சொல்லாம விட்டா நான் மேய்ப்பன் இல்ல, கூலிக்காரன்."

"சட்டமே சம்மதிச்ச காரியம் அது. பிள்ளைக்குத் தலையே கூடல."

"சட்டம் சம்மதிக்கலாம். அது உயிரா இல்லியான்னு சட்டமா சொல்லணும்?" என்றார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "டீச்சர், பஸ் ஸ்டாண்டுல தெருப்பிரசங்கம் பண்ணக்கூடாதுன்னு போலீஸ் மைக்க வாங்கிட்டுப் போனப்ப, ஸ்டேஷன் வாசல்ல பொம்பளைங்கள கூட்டிட்டு உக்காந்தது யாரு? எங்க வாய மூட எவனுக்கும் அதிகாரம் இல்லன்னு சொன்னது யாரு?"

"அது சுவிசேஷம்."

"இதுவும் அதுல உள்ளதுதான். உங்களுக்குப் பிடிச்சத மட்டும் பேசுறதுக்குச் சுதந்திரம் எதுக்கு?"

"ஜெபிக்கச் சொல்லி வந்த இடத்துல சொன்னத மைக்குல சொல்லுதீங்களே," என்றேன்.

"நீங்க எங்கிட்ட வாரதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல நீங்க குறிப்புக் குடுத்து, முப்பது பொம்பளைங்க சத்தமா ஜெபிச்சாங்களே."

அது ஜெபக்குறிப்பு. ஒரு அற்புதம் நடக்காதா என்று தாய் மனசு தவித்துக் கொடுத்தது. எங்கள் சபையில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் குறிப்புக் கொடுப்பதுதான் வழக்கம். அதையும் இதையும் ஒன்றாக்குகிறார் பாருங்கள்.

ஜூன் 12, புதன்

மீன் வாங்காமல் திரும்பிவிட்டேன். மீன்காரியிடம் ரூபி நின்றுகொண்டிருந்தாள்.

ஜூன் 15, சனி

ஷெரினுக்குத் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். முடி கொத்துக்கொத்தாக வருகிறது. கமிட்டியில் மனு கொடுக்கப்போவதாகச் சொன்னேன்.

"விட்டுருங்கம்மா."

"உனக்காகத்தாம்ட்டி செய்யுதேன்."

"எனக்காகவா?" என்றாள். "அவிய சொன்னதுல பாதி எனக்கும் ராத்திரி ராத்திரி தோணுதும்மா," என்றாள்.

பைத்தியம் மாதிரிப் பேசாதே என்றேன். டாக்டர்கள் இரண்டு பேர் சொன்னார்கள், நான் சொன்னேன், அதற்கு மேல் என்ன. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எண்ணெய் கண்ணில் இறங்கிவிட்டது போலிருக்கிறது, ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எரிகிறது எனக்கு. என் பிள்ளையின் மனசில் இந்த விஷத்தை விதைத்துவிட்டாரே.

ஜூன் 20, வியாழன்

சபை நிர்வாகம் பார்க்கிற சேகரக் கமிட்டி கூடியது. மனுவை வாசித்தேன். இனி பிரசங்கத்தில் சபையாரின் வீட்டுக் காரியங்களைப் பேசக்கூடாது, ஐயர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும், இரண்டே கோரிக்கை.

கமிட்டியில் எல்லாருக்கும் பேசுகிறவர் வக்கீல் பொன்னுதுரை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். "டீச்சர், உங்க வருத்தம் புரியுது. உங்க மக செஞ்சத சட்டம் அனுமதிக்கு. ஐயர் அதப் பாவம்னு சொல்றதையும் சட்டம் அனுமதிக்கு. நாமளே நம்ம பீடத்துக்குக் கடிவாளம் போட்டா, நாளைக்கு வெளிய உள்ளவன் சும்மா இருப்பானா? அவனுக்கு நாமதான் வழி காட்டின மாதிரி ஆயிரும்."

"அப்ப என் மக மானம்?"

"பேர் சொல்லலியே டீச்சர்."

எல்லாரும் தலையாட்டினார்கள். டீயும் முறுக்கும் வந்தது. நான் தொடவில்லை. ஐயர் கடைசி வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்தவன் முகம் மாதிரி இல்லை அது. நடிப்பு.

ஜூன் 23, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. போனில் பார்த்தேன். வேறு எதையோ பேசினார். மூடிவிட்டேன்.

ஜூன் 27, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. மோட்டார் ரிப்பேர், இவர் ஆள் கூட்டிவந்து பார்த்தார். அந்தப் பிரசங்கத் துண்டை யாரோ வெட்டி எல்லாக் குரூப்பிலும் அனுப்பியிருக்கிறார்களாம். துபாயில் இருக்கிற என் கொழுந்தன் மகள் அதை எனக்கு அனுப்பி, "பெரியம்மா, யாரைச் சொல்றாங்க?" என்று கேட்கிறாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இப்போது ஊர் துபாய் வரைக்கும் இருக்கிறது.

ஜூலை 3, புதன்

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

மத்தியானம் ஐயரம்மா பின்வாசல் வழியாக வந்தாள். ஷெரினைப் பார்க்க வந்தேன் என்றாள். அவள் தூங்குகிறாள் என்றேன். போவாள் என்று பார்த்தால், நான் ஆய்ந்துகொண்டிருந்த முருங்கைக்கீரையில் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பேச இஷ்டமில்லை. கீரை முடிகிற நேரத்தில் சொன்னாள்:

"டீச்சர், கல்யாணமான புதுசுல நானும் ஒண்ணு கலைச்சிருக்கேன்."

நான் கையை எடுத்துவிட்டேன்.

"அவிய அப்பம் இறையியல் கல்லூரியில படிச்சிட்டிருந்தாவ. இன்னும் ரெண்டு வருஷப் படிப்பு பாக்கி. பிள்ள வந்தா படிப்ப விடணும், வேற வழி இல்லன்னாவ. வெளியூர்ல ஒரு நர்ஸம்மாட்ட கூட்டிட்டுப் போனாவ. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்ல டீச்சர். உங்க மகளுக்காவது ஒரு காரணம் இருந்துச்சு." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அதுக்கப்புறம் எங்களுக்குத் தங்கவே இல்ல. வருஷா வருஷம் குடும்ப ஞாயித்துக்கு இதத்தான் பேசுவாவ. வீட்டுக்கு வந்து அன்னைக்குச் சாப்பிட மாட்டாவ. யாரத் திட்டுதாவன்னு எனக்குத் தெரியும். இந்தத் தடவ உங்க வீட்டையும் சேத்து இழுத்துட்டாவ. அதுக்கு நான் சண்ட போட்டேன்."

"யார்ட்டயாவது சொல்லிருக்கீங்களா ஐயரம்மா?"

"எங்க அம்மாட்ட கூடச் சொன்னதில்ல. உங்க மக, தான் மட்டுந்தான் இப்படின்னு நெனச்சிரக் கூடாது. அவட்ட நானே ஒரு நாள் சொல்லுதேன். நீங்க மனசோட வச்சிக்கிடுங்க."

அழுதாள். நானும் அழுதேன். காப்பி போட்டுக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனாள். அவள் கேட்டைச் சாத்துகிற சத்தம் கேட்கும் வரைக்கும் என் கண்ணீர் உண்மையான கண்ணீர்தான்.

அப்புறம் முகம் கழுவினேன். கர்த்தருக்கும் அவசரம் வந்துவிட்டது போலிருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி பெண்கள் ஞாயிறு. அன்று ஆராதனை முழுக்கப் பெண்கள் கையில். பாடம் வாசிப்பது, பாட்டு, காணிக்கை எடுப்பது, பிரசங்கம், எல்லாம் நாங்கள்தான். குருவானவர் கீழே ஆண்கள் பக்கம் சபையாரோடு சபையாராக உட்கார்ந்து கேட்க வேண்டும், கடைசியில் ஆசீர்வாதம் மட்டும் சொல்லலாம். எங்கள் அம்மா காலத்திலிருந்து இதுதான் ஒழுங்கு. இதை எந்த ஐயரும் மாற்றியதில்லை.

பிரசங்கத்துக்கு வெளியூரிலிருந்து யாரையாவது கூப்பிடுவோம். யாரைக் கூப்பிடலாம் என்று பேச்சு வந்தது. "இந்த வருஷம் வெளிய ஆள் வேண்டாம். நான் பேசுதேன்," என்றேன்.

ரூபிதான் முதலில், "பேசுங்கக்கா. சாட்சியா இருக்கும்," என்றாள். நான் பீடத்தில் நின்று அழுவேன் என்று நினைக்கிறாள். நினைக்கட்டும்.

ஜூலை 11, வியாழன்

பிரசங்கம் எழுத ஆரம்பித்தேன். நாலு தடவை கிழித்தேன். கோபமாக எழுதினால் கேட்க மாட்டார்கள். அழுகையில் ஆரம்பித்து அங்கே கொண்டுபோய் முடிக்க வேண்டும்.

ஜூலை 16, செவ்வாய்

ஷெரின் இப்போது சாயங்காலம் நடக்கப் போகிறாள். குருமனைத் தெருவில் பார்த்தேன் என்று பால்காரர் சொன்னார். கோயில் தோட்டத்துப் பக்கம் நல்ல காற்று வரும். இரண்டு நாளாக ராத்திரி இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். இரும்புச் சத்து மாத்திரை வேலை செய்கிறது.

ஜூலை 19, வெள்ளி

பின்னால் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று பேசிப் பார்த்தேன். இவர் தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. குழாயை மூடிவிட்டு வந்தார்.

"ஏளா பியூலா, அந்தப் பொம்பள உன்ன நம்பிச் சொன்னது அது."

"நான் பேர் சொல்லப் போறதில்ல."

"ஐயரும் பேர் சொல்லலியே."

இத்தனை வருஷத்தில் எனக்கு எதிராக இவர் பேசின நீளமான பேச்சு இதுதான். ஐயர் செய்தது தப்பு, நான் செய்யப்போவது நியாயம். ஒரே கத்தி என்றால் கொலைகாரனும் டாக்டரும் ஒன்றாகிவிடுவார்களா? ராத்திரி இவருக்கு ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். கேட்காமல் குடித்தார்.

ஜூலை 22, திங்கள்

தேங்காய் பறித்தார்கள். கிதியோன் ஐயர் தெருவில் எதிரே வந்தார். "டீச்சர், உங்ககிட்ட ஒரு வார்த்த பேசணும்," என்றார். இருபத்தெட்டாம் தேதிக்கு அப்புறம் பேசுவோம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். என் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். நிற்கட்டும்.

ஜூலை 27, சனி

வெள்ளைப் பட்டுக்கரைச் சேலைக்குக் கஞ்சி போட்டேன். இரண்டு தடவை இஸ்திரி. ஷெரின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, நாளைக்கு நானும் வாரேன்."

எனக்குச் சந்தோஷத்தில் இஸ்திரிப் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு அப்புறம் முதல் தடவை கோயிலுக்கு வருகிறாள்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உக்காருங்க."

"சேலை காஞ்சிரும்ட்டி. நாளைக்கு கோயில் முடிஞ்சு பேசுவோம். நாளைக்கு நீ தல நிமுந்து உக்காருவ பாரு," என்றேன்.

நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூலை 28, ஞாயிறு

பெண்கள் எல்லாரும் வெள்ளைச் சேலையில் பவனியாக உள்ளே போனோம். கோயில் கொள்ளாத கூட்டம். நான் பேசப்போகிறேன் என்று தெரிந்தே வந்திருந்தார்கள். ஐயர் ஆண்கள் பக்கம் நாலாவது வரிசையில், வக்கீல் பொன்னுதுரைக்குப் பக்கத்தில். அங்கியில்லாமல் வேஷ்டி சட்டையில் பார்க்க யாரோ மாதிரி இருந்தார். ஐயரம்மா முன்வரிசை. ஷெரின் கடைசியில், கதவு ஓரம்.

ஏறினேன்.

எங்கள் வீட்டுக் கதையில் ஆரம்பித்தேன். ஸ்கேன் அறை, டாக்டர் சொன்னது, என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதது, ஆஸ்பத்திரியில் அந்த ராத்திரி, ஒன்றையும் விடவில்லை. ஷெரின் என்று பேர் சொல்லியே சொன்னேன். நாங்கள் என்ன திருடினோமா, ஒளிக்க? பெண்கள் பக்கம் மூக்குறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ரூபி விக்கி விக்கி அழுதாள்.

"இந்தத் தாயின் மேல் இதே பீடத்திலிருந்து ஒருவர் கல்லெறிந்தார்," என்றேன். "கல்லெறிகிறவர் கையை நான் பார்த்தேன். படிப்புக் கெட்டுப்போகும் என்று, ஒரு குறையும் இல்லாத தன் பிள்ளையைக் கலைக்க, தன் பெண்டாட்டியை வெளியூருக்குக் கூட்டிக்கொண்டு போன கை அது. அப்போது அவர் குருப்பட்டம் வாங்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் மேல் நடந்துபோய்த்தான் பட்டம் வாங்கினார்."

எல்லாத் தலையும் அவரைப் பார்த்துத் திரும்பும் என்று எத்தனை நாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன். திரும்பின. ஆனால் ஆண்கள் பக்கம் அல்ல. அத்தனை பேரும் முன்வரிசையில் இருந்த ஐயரம்மாவைத்தான் பார்த்தார்கள். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குப் பரவாயில்லை.

வக்கீல் எழுந்தார். "டீச்சர், போதும், இறங்குங்க."

"உக்காருங்க சார்," என்றது ஐயர் குரல். "அவங்க பேசட்டும். அதுல பொய் இல்ல."

அப்போது கடைசியிலிருந்து ஷெரின் நடுவழியாக நடந்து வந்தாள். என்னிடம்தான் வருகிறாள் என்று நினைத்தேன். பீடத்தை விட்டு ஒரு படி இறங்கக்கூட இறங்கினேன். அவள் முன்வரிசையில் நின்று ஐயரம்மா கையைப் பிடித்து எழுப்பினாள். இரண்டு பேரும் பக்கவாசல் வழியாக வெளியே போனார்கள். ஷெரின் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மிச்சம் இரண்டு பக்கம் இருந்தது. வாசித்து முடித்தேன். யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஐயர் வந்து ஆசீர்வாதம் சொன்னார். ஒரு வார்த்தையைக்கூட விடவில்லை. என் தலை குனிந்திருந்தபோது என் மேலும் அந்த ஆசீர்வாதம் விழுந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 29, திங்கள்

ஷெரின் ஓசூருக்குப் போய்விட்டாள். நேற்று ராத்திரி பஸ்ஸுக்கு இவர்தான் கொண்டுபோய் விட்டார். போகுமுன் அடுப்படிக்கு வந்தாள்.

"ஐயர் என் பேரச் சொல்லல. நீங்க சொன்னீங்க."

"உனக்கு நியாயம் கேட்டேன் மக்கா."

"நான் கேட்டனா? பிள்ள தானா போற வரைக்கும் வச்சிக்கிடுதேன், பெத்து ஒரு தடவ கையில வாங்குதேன்னு டாக்டர் ரூம்ல சொன்னேனே. அதக் கேட்டீங்களா? யார்ட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னேன். வெள்ளிக்கிழமையே முப்பது பேர்ட்ட சொன்னீங்க. இப்பம் ஊருக்கே சொல்லியாச்சு. ஐயரம்மா கதையயும் சேத்து."

அவள் மனசு இன்னும் சரியாகவில்லை. இந்த மாதிரி நேரத்தில் பெண்கள் அம்மாவைத்தான் திட்டுவார்கள், டாக்டரே சொல்லியிருக்கிறார். வழியில் சாப்பிட இட்லி கட்டிக் கொடுத்தேன். மேசை மேலேயே இருந்தது, காலையில் பார்த்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஐயர் இன்று பேசவில்லை. சபை ஊழியர் பழைய பிரசங்கம் ஒன்றை வாசித்தார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

உபவாச ஜெபத்தில் ஐயரம்மாவுக்காக ஜெபித்தார்களாம். என்ன நடந்தது, எந்த ஊர், எத்தனை மாசம், எல்லாம் குறிப்பாக வந்ததாம். ரூபி போன் பண்ணி, ஒன்று விடாமல் சொன்னாள். "பாவம்க்கா, ஜெபிக்காம இருக்க முடியுமா?" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, புதன்

ஐயருக்கு மாற்றல் வந்துவிட்டது. மலையடிவாரத்தில் சின்னச் சபையாம், குருமனைகூட இல்லையாம், வாடகை வீடுதான். அவரே கேட்டு வாங்கினார் என்று வக்கீல் சொல்லித்திரிகிறார். தள்ளினார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஜெயித்தேன். இதை எழுதுகிறபோது ஷெரினுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மருமகன் எடுத்து, "அவ தூங்குதா அத்த," என்றார். சாயங்காலம் ஆறு மணிக்கு.

ஆகஸ்ட் 22, வியாழன்

கிதியோன் ஐயர் வந்தார். முன்னறையில் உட்காரச் சொன்னேன். இவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"நாளைக்குப் போறோம். உங்ககிட்ட மன்னிப்புக் கேக்காம போகக் கூடாது," என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காக ஜூன் மாதத்திலிருந்து காத்திருக்கிறேன். நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றுமே தோன்றவில்லை.

"கருத்து மாறல டீச்சர். அது உயிர்னுதான் இப்பவும் சொல்லுவேன், நாளைக்கும் சொல்லுவேன். அதச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஆனா என் வீட்டுப் பாவத்துக்கு உங்க மகள அடிச்சது என் உரிமை இல்ல. அதுக்குத்தான் மன்னிப்பு. ஷெரின்கிட்ட ஜூலையிலயே கேட்டுட்டேன்."

"ஜூலையிலயா?"

"பெண்கள் ஞாயித்துக்கு முந்தின வாரம். அதத்தான் உங்ககிட்டயும் தெருவுல சொல்ல வந்தேன். அவ ஒங்ககிட்ட சொல்லலியா? சொல்லப் போறேன்னுதான் சொன்னா. எங்க வீட்டுக்கு தெனம் சாயங்காலம் வருவா. அவளும் ஹெப்சிபாவும் பேசிட்டிருப்பாங்க, நான் பக்கத்துல போகமாட்டேன். ஒரு நாள் ரெண்டு பேரும் என்னயும் கூப்பிட்டாங்க. எங்க பிள்ளைக்கும் அவ பிள்ளைக்கும் சேத்து ஜெபிச்சோம். அவ தன் பிள்ளைக்கு ஒரு பேர் வச்சிருக்கா. அந்தப் பேரச் சொல்லித்தான் ஜெபிச்சோம்."

இவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"என்ன பேரு?" என்றேன்.

ஐயர் தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தார்.

"என்ன பேரு வச்சிருக்கா ஐயா?"

"அது அவ சொல்லணும் டீச்சர். வெளிய சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டா."

"நான் வெளி ஆளா? நான் அந்தப் பிள்ளையோட ஆச்சி."

சொல்ல முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினார்.

"ஆம்பளப் பேரா, பொம்பளப் பேரா, அதையாவது சொல்லுங்க. ஆஸ்பத்திரியில நான் பாக்கல. அவதான் பாத்தா."

"மன்னிக்கணும்," என்றார். தண்ணீரைக் குடித்துவிட்டு, இவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு எழுந்தார்.

ஊரே கேட்க மைக்கில் பேசின மனுஷன். வாயை மூடச் சொல்லி நான் கமிட்டி வரைக்கும் போன மனுஷன். செருப்பில்லாமல் தெருவில் இறங்கி, அவருக்குப் பின்னாலேயே போய்க் கேட்டேன். ரூபி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குருமனைக் கேட் வரைக்கும் கேட்டேன். சொல்லவில்லை.